நிலாவின் டப் பக்கம்: ஒரு ராக் ஆல்பம் ரெகே ஆகும் விதம், கேட்கவும் செய்து பார்க்கவும் ஒரு முழு வழிகாட்டி

1973-ஆம் ஆண்டு. லண்டனில் அபே ரோட் ஸ்டுடியோவில் பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழு ஒலிநாடாவை வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுற்றவிட்டு 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை முடித்தது. அதே ஆண்டில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இசைத் தயாரிப்பாளர் லீ பெர்ரியும் ஒலிப் பொறியாளர் கிங் டப்பியும் சேர்ந்து 'பிளாக்போர்ட் ஜங்கிள் டப்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கையிலும் ஒலிநாடாவும் எக்கோவும்தான். இரண்டு இடத்திலும் ஸ்டுடியோவே ஒரு வாத்தியமாகிவிட்டது.

முப்பது ஆண்டு கழித்து, 2003-இல், நியூயார்க்கின் ஈஸி ஸ்டார் ரெக்கார்ட்ஸ் 'டப் சைட் ஆஃப் தி மூன்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. ஃப்ளாய்டின் ஆல்பம் முழுவதும், அதே வரிசையில், பாட்டுக்குப் பாட்டு, ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையாக. வாசித்தது ஈஸி ஸ்டார் ஆல்-ஸ்டார்ஸ் குழு. இசையமைப்பை நடத்தியவர் மைக்கேல் கோல்ட்வாசர், கூடவே டிக்லா என்ற பெயரில் இயங்கும் விக்டர் ஆக்செல்ராட்.

ராக் பாட்டை ரெகே ஆக்குவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். வேகத்தைக் குறை, கிட்டாரை 'ச்சக் ச்சக்' என்று வெட்டு, முடிந்தது கதை. அப்படிச் செய்தவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஒருமுறைக்கு மேல் கேட்க முடியாது. 'டப் சைட்' மட்டும் இத்தனை ஆண்டாக நிற்கக் காரணம், மூலத்துக்குள் ஏற்கனவே தூங்கிக்கொண்டிருந்த ரெகேயை அது தட்டி எழுப்பியதுதான். அந்த இடங்களை உங்கள் காதே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிகள்.

படி 1: போன் ஸ்பீக்கரை ஓரம் வையுங்கள்

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. ரெகேயின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது. விலை உயர்ந்த கருவி வேண்டாம், காதை நன்றாக மூடும் ஒரு ஹெட்போனோ, பெரிய கோன் உள்ள பழைய ஸ்பீக்கரோ போதும். பேஸ் அடிக்கும்போது மார்பில் லேசாக ஓர் அழுத்தம் தெரிந்தால் சரி.

படி 2: மூலத்தை முதலில் மனப்பாடம் ஆகும்வரை கேளுங்கள்

'டார்க் சைட்' சுமார் 43 நிமிடம் ஓடும். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விடாமல் ஒன்றுக்குள் ஒன்று கரையும். அமெரிக்காவின் பில்போர்ட் 200 பட்டியலில் 1973-க்கும் 1988-க்கும் இடையே 741 வாரம் இருந்த ஆல்பம் இது. அவ்வளவு பேர் காதில் ஊறிய ஒன்றைத் தொடுகிறார்கள் என்றால், எந்த இடத்தில் கை வைத்தாலும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

மூன்று முறையாவது முழுசாகக் கேளுங்கள். மூன்றாவது முறை ஒரு தாளில் மூன்றே விஷயங்களைக் குறியுங்கள்: எங்கே இசை கிட்டத்தட்ட நின்றுபோகிறது, எங்கே எக்கோ வருகிறது, பேஸ் எங்கே பாட்டை முன்னால் நின்று இழுக்கிறது. இந்தத் தாள் பின்னால் வேண்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

படி 3: தாளத்தைக் கையால் போட்டுப் பாருங்கள்

ராக்கில் முதல் அடி கனமானது. காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக் அங்கே விழும், குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம் இரண்டிலும் நான்கிலும் விழும். ரெகேயின் அடிப்படை நடையான 'ஒன் டிராப்'பில் அந்த முதல் அடி காலி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். ஒன்றில் கை சும்மா இருக்கட்டும். மூன்றில் மட்டும் தொடையில் ஓங்கித் தட்டுங்கள். கிக்கும் ஸ்நேரின் விளிம்புத் தட்டலும் சேர்ந்து விழுவது அங்கேதான். இப்போது இரண்டிலும் நான்கிலும் வாயால் 'ச்சக்' என்று சொல்லுங்கள். அதுதான் கிட்டார் போடும் 'ஸ்கேங்க்'.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சமத்தில் எடுக்காமல் தள்ளி எடுக்கும் பாட்டில், அந்த வெறும் சமத்தை நம் கைதான் போட்டு வைத்திருக்கும். ஒன் டிராப்பில் அந்த வெறும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் வருகிறது. உடம்பு அந்தக் காலி இடத்தில் விழுந்து, மூன்றில் எழுகிறது. ரெகே கேட்கும்போது முழங்கால் தானாக மடிவது அதனால்தான்.

இன்னும் இரண்டு நடைகள் தெரிந்தால் போதும். 'ராக்கர்ஸ்' நடையில் முதல் அடியிலும் கிக் வரும், கொஞ்சம் முன்னால் தள்ளும் உணர்வு இருக்கும். 'ஸ்டெப்பர்ஸ்' நடையில் நான்கு அடியிலும் கிக், ஊர்வலம் போகிற மாதிரி. ஒரு பாட்டைக் கேட்டவுடன் இது மூன்றில் எது என்று சொல்லப் பழகுங்கள். இரண்டு நாள் போதும்.

படி 4: பேஸைப் பாடுங்கள்

ரெகேயில் பேஸ்தான் மெட்டு. பாடகர் நிறுத்தினாலும் பேஸ் தன் வரியைச் சொல்லிக்கொண்டே இருக்கும், நடுவில் மூச்சு விடுகிற மாதிரி இடைவெளி விட்டு. எதையாவது ஒன்றைப் போட்டு, பாடகரை மறந்துவிட்டு, பேஸை மட்டும் வாய்விட்டுப் பாடுங்கள். பாட வந்தால் அது நல்ல பேஸ் வரி. ராக் பாட்டிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். பேஸ் வரியைத் தனியாகப் பாட முடிகிற ராக் பாட்டு ரெகேக்குள் சுலபமாக வந்துவிடும். 'மணி' அப்படிப்பட்டது.

படி 5: டப் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று போவோம். டப் தெரியாமல் இந்த ஆல்பம் புரியாது.

1960-களின் கடைசியில் ஜமைக்காவில் பாட்டு மக்களிடம் போனது பெரும்பாலும் சவுண்ட் சிஸ்டம் வழியாக. தெருவில் ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கி நடத்தும் நடனங்கள் அவை. 1968 வாக்கில் ரூடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம் காரருக்கு, டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஸ்டுடியோவில் ஒரு பாட்டைத் தட்டில் வெட்டிக் கொடுத்தபோது, குரல் தடத்தைச் சேர்க்கத் தவறிவிட்டது என்பது டப்பின் பிறப்பைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை. அவர் அதையே நடனத்தில் போட்டார். குரல் இல்லாத இடத்தில் கூட்டம் பாடியது. அதற்குப் பிறகு தட்டின் மறுபக்கத்தில் குரல் நீக்கிய 'வெர்ஷன்' போடுவது வழக்கமாகிவிட்டது.

அந்த வெர்ஷனை ஒரு கலையாக்கியவர் கிங் டப்பி, இயற்பெயர் ஆஸ்போர்ன் ருடாக். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்ப்பது அவர் தொழில். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் ஒரு சின்ன அறையில், ஒலிகளைக் கலக்கும், நான்கே தடம் கொண்ட மிக்சரை வைத்துக்கொண்டு, பதிவான பாட்டைப் பிரித்தார். குரலை இரண்டு சொல்லுக்கு விட்டு, பிறகு வெட்டுவார். கிட்டாரின் ஒரே ஒரு வெட்டை எக்கோவுக்குள் தள்ளி, அது தேய்ந்து போகும்வரை காத்திருப்பார். ஒரு பெரிய குமிழைத் திருப்பினால் கீழ் ஒலிகள் எல்லாம் வடிந்து மேல் ஒலி மட்டும் சலசலக்கும், பிறகு பேஸ் முழு எடையோடு வந்து இறங்கும். இவை எல்லாம் ஒரே ஓட்டத்தில், கையால். அடுத்த முறை அதே பாட்டைக் கலந்தால் வேறொன்று வரும்.

எடுத்து எடுத்தே ஒரு பாட்டைச் செய்வதுதான் டப். எதைச் சேர்க்கலாம் என்று யோசிப்பவருக்கு டப் கைவராது.

அப்புறம், ஜமைக்காவில் ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவது குறையாகப் பார்க்கப்பட்டதே இல்லை. அமெரிக்க சோல் பாட்டுகள், ரெகேக்கு முந்தைய நடையான ராக்ஸ்டெடியாகவும் ரெகேயாகவும் வந்துகொண்டே இருந்தன. ஒரே 'ரிடிம்' மேல், அதாவது ஒரே டிரம்ஸ்-பேஸ் அடித்தளத்தின் மேல், பத்துப் பாடகர்கள் பத்துப் பாட்டுப் பாடுவார்கள். ஆக, ஒரு ராக் ஆல்பத்தை எடுத்து மறுபடி செய்வது ஜமைக்கா வழக்கப்படி இயல்பான காரியமே.

படி 6: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாட்டுக்குப் பாட்டு கேளுங்கள்

படி 2-இல் எழுதிய தாளை எடுங்கள். முதலில் மூலம், உடனே அதன் ரெகே வடிவம். ஒரே மூச்சில் பத்துப் பாட்டு வேண்டாம், நாளுக்கு மூன்று போதும்.

'பிரீத்'-இல் ஆரம்பியுங்கள். மூலமே நிதானமானது, கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, மெல்ல மாறுவது. ரெகேக்கு ஏற்ற மண். இங்கே அதிகம் மாற்றியதாகவே தெரியாது, ஆனால் படி 3-இல் பழகிய கையைப் போட்டுப் பார்த்தால் எடை முழுவதும் இடம் மாறியிருப்பது தெரியும்.

'ஆன் தி ரன்' மூலத்தில் இ.எம்.எஸ். சின்தி என்ற சின்தசைசரில் ஒரு சின்ன ஸ்வர வரிசையை வேகமாக ஓடவிட்டுச் செய்தது. இதை ஒன் டிராப்பில் போட்டால் பாட்டின் பதற்றமே போய்விடும். ஈஸி ஸ்டார் குழு ஜங்கிள் நடைக்குப் போனது. இங்கிலாந்தில் ரெகே பேஸையும், வெட்டி ஒட்டிய வேகமான டிரம்ஸ் துண்டுகளான பிரேக்பீட்டையும் சேர்த்து வளர்ந்த நடை அது. ரெகே குடும்பத்துக்குள்ளேயே இருந்துகொண்டு பதற்றத்தையும் காப்பாற்றியிருக்கிறார்கள். சரியான நடையைத் தேர்வு செய்வது என்றால் இதுதான்.

'டைம்' பாட்டில் கோரி ஹாரிஸ் பாட, ராங்கிங் ஜோ 'டோஸ்டிங்' செய்கிறார். டோஸ்டிங் என்பது தாளத்தின் மேல் பேச்சும் பாட்டும் கலந்து சொல்வது, சவுண்ட் சிஸ்டம் மேடையில் வளர்ந்த கலை. மூலத்தில் இல்லாத ஒன்றை ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் இடம் இது. ஃப்ளாய்டை ரொம்பப் பக்தியோடு கேட்பவர்கள் முதலில் முகம் சுளிக்கலாம். எனக்கு இந்தப் பாட்டு உயிரோடு எழுவது ராங்கிங் ஜோ வந்த பிறகுதான்.

'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' தான் எல்லாவற்றிலும் கஷ்டமான இடம். மூலத்தில் கிளேர் டோரி ஒரு சொல்லும் இல்லாமல் குரலாலேயே பொழிந்து தள்ளியது. அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. அந்தப் பாட்டை ஆக்கியதில் தனக்கும் பங்குண்டு என்று 2004-இல் வழக்குப் போட்டார், அடுத்த ஆண்டு சமரசம் ஆனது, இப்போது அவர் பெயரும் அதில் இருக்கிறது. ஈஸி ஸ்டார் வடிவத்தில் பாடியவர் கர்ஸ்டி ராக். இரண்டு குரலையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அடியில் இருக்கும் தாளம் மாறினால், அதன் மேல் எழும் அழுகையின் வடிவமும் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

அடுத்தது 'மணி'. மூலம் ஏழு அடி. 'தகிட தகதிமி' என்று மிஸ்ர சாபு சொல்லிக்கொண்டே பேஸோடு போனால் கச்சிதமாகச் சுற்றி வரும், எண்ணிக்கையே தேவையில்லை. மூலத்தில் சாக்ஸபோன் வரை ஏழில் போய், கிட்டார் தனி வாசிப்பு வந்ததும் நான்குக்கு மாறி, கடைசிச் சரணத்தில் மறுபடி ஏழுக்கு வருவதையும் கவனியுங்கள். நான்கு அடிக்குள்ளேயே வாழ்ந்த ரெகேயை ஏழு அடிக்குள் உட்கார வைப்பது லேசான வேலை இல்லை. நான்காக மடக்கிப் போட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் பாட்டு செத்திருக்கும். இவர்கள் ஏழையே வைத்துக்கொண்டு அதன் மேல் ஸ்கேங்க் போட்டார்கள். ரெகே டிரம்மர்கள் இதைக் கேட்டுவிட்டு அமைதியாகிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

அதே பாட்டின் ஆரம்பத்தைக் கேளுங்கள். மூலத்தில் நாணயச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் வளையமாகச் சுற்றும். ரெகே வடிவத்தில் அதே தாளத்தில் லைட்டர், கஞ்சா புகைக்கும் நீர்க்குழாயின் கொப்பளிப்பு, இருமல். கிங்ஸ்டன் தெருவின் வாழ்க்கையோடு பொருந்திய சத்தங்களை, மூலம் செய்த அதே முறையில் தாளமாக்கியிருக்கிறார்கள். சத்தத்தை மாற்றி, வேலையை மாற்றாமல் வைத்திருப்பது என் கண்ணில் மிக நுட்பமான முடிவு.

'அஸ் அண்ட் தெம்' வரும்போது என் தாளில் முதலில் குறித்த சொல் 'எக்கோ'. மூலத்தில் ஒவ்வொரு சொல்லும் பாடப்பட்டதும் மறுபடி மறுபடி ஒலித்து மங்கும். ஒலிநாடாவைத் தாமதப்படுத்திச் செய்த எக்கோ அது. சொல்லுக்குச் சொல் நடுவே நீண்ட வெறுமை. டப் கலைஞர் ஒருவர் செய்தது என்று சொன்னால் நம்பிவிடலாம். முதலிலேயே தூங்கும் ரெகே என்று சொன்னேனே, அது மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுதான். ரெகே வடிவத்தில் பாடியவர் ஃபிராங்கி பால், தேன் வழியும் குரல். மூலத்தின் குளிர் போய் ஒரு வெதுவெதுப்பு வந்துவிடுகிறது.

மீதிப் பாட்டுகளை நீங்களே கேட்டுவிடுவீர்கள். 'பிரெய்ன் டேமேஜ்' பாடியது டாக்டர் இஸ்ரேல். ஆல்பத்தின் முடிவில் தனியாக நான்கு டப் வெர்ஷன்கள் இருக்கின்றன, அவற்றைத் தவறவிட வேண்டாம். படி 5-இல் சொன்னது எல்லாம் அங்கே பச்சையாகக் கேட்கும்.

படி 7: அடுத்து எதைக் கேட்பது

அதே குழு 2006-இல் ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தை 'ரேடியோட்ரெட்' ஆக்கியது. இது கடினமான பாறை. கார்டுகள் அதிகம், மெட்டு வளைந்து வளைந்து போகும், ஃப்ளாய்டில் இருந்த காலி இடம் இங்கே குறைவு. ஆனாலும் 'ஏர்பேக்' பாட்டில் ஹொரஸ் ஆண்டியின் நடுங்கும் குரலையும், 'லெட் டவுன்' பாட்டில் டூட்ஸ் ஹிப்பர்ட்டையும் கேளுங்கள். சோர்வைப் பற்றிய பாட்டை டூட்ஸ் தேவாலயத்தில் பாடுகிற மாதிரி தூக்கி நிறுத்துகிறார். ஈஸி ஸ்டார் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த ஒரே பாட்டு எது என்று கேட்டால் இதைச் சொல்வேன்.

2009-இல் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் ரெகே வடிவம் வந்தது. 2023-இல் டேவிட் போவியின் 1972 ஆல்பத்தை எடுத்து 'ஜிக்கி ஸ்டார்டப்' என்று வெளியிட்டார்கள். அதில் 'ஃபைவ் இயர்ஸ்' பாடியது பர்மிங்ஹாமின் ஸ்டீல் பல்ஸ் குழு, 'ஸ்டார்மேன்' பாடியது மேக்ஸி பிரீஸ்ட். போவியின் பாட்டுகள் நாடகத்தன்மை கொண்டவை, பாடகரின் முகம் தெரிய வேண்டியவை. அதனால் இங்கே பேஸைவிடப் பாடகர் தேர்வுதான் எல்லாம். நான்கையும் கேட்டபின் 'டப் சைட்'டுக்கே திரும்பி வருவீர்கள் என்பது என் கணிப்பு.

படி 8: நீங்களே ஒரு பாட்டைச் செய்து பாருங்கள்

முழு ஆல்பம் வேண்டாம், ஒரே பாட்டு. கம்ப்யூட்டரிலோ போனிலோ பல தடங்களில் பதியும் எந்த இலவச மென்பொருளும் போதும்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். கார்டு மெல்ல மாற வேண்டும், மெட்டில் மூச்சு விட இடம் இருக்க வேண்டும், பேஸைப் பாட முடிய வேண்டும். ரிஃப் என்னும், திரும்பத் திரும்ப வரும் சின்னக் கிட்டார் வரி ஒன்றின் மேலேயே நிற்கும் பாட்டென்றால், அந்த ரிஃபைப் பேஸுக்கோ டிரம்பெட் போன்ற பிராஸ் வாத்தியங்களுக்கோ மாற்ற முடிகிறதா என்று முதலில் வாயால் பாடிப் பாருங்கள். வரவில்லையென்றால் வேறு பாட்டுக்குப் போய்விடுங்கள்.

முதலில் டிரம்ஸும் பேஸும் மட்டும். நிமிடத்துக்கு 144 எண்ணிக்கை வைத்து, மூன்றில் விழும் ஒன் டிராப் போடுங்கள். சில மென்பொருளில் இதையே 72 என்று வைக்க வேண்டியிருக்கும், குழம்ப வேண்டாம். இந்த இரண்டை மட்டும் வைத்து மூலப் பாட்டை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். அது நிற்காவிட்டால் மேலே எதைப் போட்டாலும் நிற்காது. நின்றால் கிட்டார் ஸ்கேங்க், அதன் அடியில் ஆர்கன். ஆர்கன் 'பபுள்' என்று கொப்பளிக்கும், இரண்டு கையும் மாறி மாறி, மெதுவாக. அது தனியாகக் கேட்கக் கூடாது, நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைவதாகத் தெரிய வேண்டும்.

பிறகு டப். எக்கோவின் நேரத்தைத் தாளத்தோடு கட்ட வேண்டும். 60,000-ஐ எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். 144-க்குச் சுமார் 417. அதில் ஒன்றரை மடங்கு, 625 மில்லிசெகண்ட், வைத்துப் பாருங்கள். எதிரொலி அடிக்கு நடுவில் விழுந்து புதிய தாளம் ஒன்றைப் பின்னும். எக்கோவை ஒரு தடத்தின் மேல் நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். தனிச் சேனலில் வைத்து, 'சென்ட்' குமிழால் ஒரு சொல்லை, ஒரு ஸ்நேர் அடியை மட்டும் அனுப்புங்கள். எல்லாவற்றையும் அனுப்பினால் சேறுதான் மிஞ்சும்.

கலக்கும்போது மவுஸால் கோடு வரைவதைவிட, ஓடவிட்டு நேரடியாகக் கையால் தடங்களை மூடித் திறந்து பதிவு செய்யுங்கள். ஐந்து முறை செய்யுங்கள். தவறுகளோடு சேர்த்து ஐந்தையும் வைத்திருந்து மறுநாள் கேளுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு தடத்தைத் திறக்க மறந்துபோன ஓட்டம்தான் பிடித்துப்போகும்.

வெளியிட நினைத்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. பாட்டின் உரிமை எழுதியவருடையது. அமெரிக்கச் சட்டத்தில் கட்டாய உரிமம் என்ற வழி உண்டு. ஏற்கனவே வெளிவந்த பாட்டை உரிய தொகை கட்டி மறுபதிவு செய்யலாம், உங்கள் நடைக்கு ஏற்ப அமைக்கலாம், ஆனால் அடிப்படை மெட்டையும் பாட்டின் குணத்தையும் மாற்றக் கூடாது. இந்தியச் சட்டத்தில் முதல் பதிவு வெளிவந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. வரிகளைத் தமிழாக்கிப் பாடுவது தனி அனுமதி கேட்கும் விஷயம். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டும்வரை இந்தக் கவலை எல்லாம் வேண்டாம். நல்ல ஸ்பீக்கர் வைத்திருக்கும் நண்பர் வீட்டில், விளக்கைக் குறைத்துவிட்டு, முதலில் மூலத்தையும் அப்புறம் உங்களுடையதையும் போடுங்கள். பேஸ் இறங்கும்போது யாருடைய முழங்கால் மடிகிறது என்று மட்டும் பாருங்கள்.